நாலாவது கிண்ணம்

ஆனி மாதம் போடியில் மழை கிடையாது, காற்றுதான். மேற்கே நிமிர்ந்து பார்த்தால் போடிமெட்டின் விளிம்பில் மேகம் கவிழ்ந்து கிடக்கும், இறங்கி வராது. மெட்டுக்கு அந்தப் புறம் பூப்பாறைப் பக்கம் கொட்டித் தீர்க்கிற மழையின் ஈரம் மட்டும் இங்கே வந்து சேரும். ஜீப்புக்குக் கிரீஸ் அடிக்க நான் உட்காருவது இந்த மாதத்தில்தான். ஏலக்காய்ப் பறிப்புக்குள் வண்டி தயாராக வேண்டும் என்பது வீட்டில் சொல்லும் காரணம். வண்டிக்கு அடியில் படுத்திருப்பவனை யாரும் கடைக்கு அனுப்புவதில்லை என்பது சொல்லாத காரணம்.

*

முதல் வேலை துடைப்பது. கிரீஸ் ஏற்றுகிற ஒவ்வொரு நிப்பிளையும் பனியன் வேஸ்டால் துடைத்த பிறகே கிரீஸ் கன்னை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் தோட்டத்து மண்ணை நாமே உள்ளே ஏற்றிவிடுவோம்.

அடுத்தது ஜாக்கி. ஸ்பிரிங் பட்டையின் ஷேக்கிலுக்கு வண்டி தரையில் நிற்கும்போது அடித்தால், பாரம் அழுத்துகிற இடத்தில் கிரீஸ் நுழையாது. சேஸைத் தூக்கி, அச்சைத் தொங்கவிட்டு அடிக்க வேண்டும். பாரம் இறங்கினால்தான் வழி திறக்கும். பழைய வில்லீஸ் கையேடு இந்த வேலையை 1,000 மைலுக்கு ஒருமுறை செய்யச் சொல்கிறது. நம் தோட்டப் பாதையில் ஒரு மைலை மூன்றாகக் கணக்கு வைப்பதே நியாயம்.

*

தாத்தாவின் மாட்டுவண்டிக்கு அடியில் ஒரு மூங்கில் குழாய் தொங்கும். உள்ளே வண்டி மை: எரித்த வைக்கோலை விளக்கெண்ணெயில் குழைத்தது. சக்கரத்தைக் கழற்றி அச்சில் பூசுவார். வேட்டியில் பட்டால் போகவே போகாது. பாட்டி அந்தக் குழாயை வீட்டு வாசலுக்குள் விட்டதில்லை.

கடையில் டப்பாவில் வாங்குகிற கிரீஸும் அதே வழிதான். எண்ணெயைப் பிடித்துவைக்க ஒரு பொருள் வேண்டும். தாத்தாவுக்கு அது கரி, இதற்கு சோப்பு. சோப்பின் நுண்ணிய இழைகள் பஞ்சுபோல எண்ணெயைத் தாங்கி நிற்கும். அழுத்தம் வரும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய விடும். சுண்ணாம்புச் சோப்பில் செய்த பழைய கிரீஸ் தண்ணீரைத் தாங்கும், சூட்டில் உருகிவிடும். சோடியம் சோப்பு சூட்டைத் தாங்கும், தண்ணீரில் கரைந்துவிடும். இரண்டையும் தாங்குகிற லித்தியம் கிரீஸ் வந்தது 1940களில். இந்தியாவில் ஜீப் பூட்டத் தொடங்கியதும் அந்தப் பத்தாண்டின் கடைசியில்தான். மலையடி முந்தலில் வெயிலும் பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறினால் மழையுமாக இருக்கிற இந்த மெட்டுச் சாலைக்கே அளவெடுத்துச் செய்ததுபோல் எனக்குத் தோன்றும்.

*

வெளியே வருகிற பழைய கிரீஸைப் பார்க்காமல் துடைத்துப் போடுகிறவர்கள் உண்டு. எனக்கு வேலையே அதுதான். மோர் மாதிரி வெளுத்து வந்தால் எங்கோ ஓடையில் இறக்கியபோது தண்ணீர் புகுந்திருக்கிறது. செம்மண் நிறமென்றால் சீல் போயிற்று. விரலில் தேய்த்து வெயிலில் பிடித்தால் வெள்ளிப்பொடி மின்னுகிறதா? தேய்வது இரும்பு. இப்போதைய வண்டிகள் பலவற்றில் நிப்பிள் கிடையாது, எல்லாம் மூடியே வருகிறது. பராமரிப்பு மிச்சம், வாஸ்தவம். ஆனால் உள்ளே நடப்பது சத்தம் வரும்வரை தெரியாது.

*

வீல் பேரிங்கில் மட்டும் தாராளம் கூடாது. உள்ளங்கையில் கிரீஸை வைத்து, பேரிங்கை அதில் அழுத்தி அழுத்தி, உருளைகளுக்கு நடுவே பிதுங்கும்வரை ஏற்றினால் போதும். ஹப் முழுக்க அடைத்தால் சூட்டில் இளகி, சீல் தாண்டி, பிரேக் லைனிங்கில் இறங்கும். மெட்டிலிருந்து இரண்டாவது கியரில் இறங்கும்போது அது தெரியவரக் கூடாது.

*

இந்த வருடம் பின் சக்கரங்களைச் சுழற்றும் ஷாஃப்டின் மூட்டான கிராஸில் தகராறு. நடுவில் ஒரே நிப்பிள், நாலு முனை, ஒவ்வொரு முனைக்கும் ஊசி உருளைகள் அடுக்கிய ஒரு குட்டிக் கிண்ணம். பட்டறையில் கப் என்பார்கள். கன்னை வைத்து அமுக்கினால் நாலு கப் ஓரத்திலும் புதிய கிரீஸ் எட்டிப்பார்க்க வேண்டும். மூன்றில் வந்தது. நாலாவதில் வரவில்லை. ஷாஃப்டைத் திருப்பிப் பார்த்தேன், மரச்சுத்தியலால் தட்டினேன். மூன்றில் வழிந்துகொண்டே இருந்தது.

பட்டறை அண்ணன் வந்து கையால் ஆட்டிப் பார்த்தார். ஆட்டம் இல்லை. "சூட்டோட அடிச்சுப் பாருங்க. மெட்டுக்கு மெதுவா ஒரு நடை போயிட்டு வாங்க," என்றார்.

*

போனேன். ஆறாவது, ஏழாவது வளைவுக்கு மேல் கேட்கத் தொடங்கியது: கீச், கீச். என்ஜினை முடுக்கினால் மாறவில்லை. சக்கரம் வேகமெடுத்தால் வேகமெடுத்தது. காய்ந்த கிராஸின் சத்தம். எதிரே வந்த தோட்ட ஜீப்புகளின் இரைச்சலில் மறைந்து, அவை கடந்ததும் திரும்ப வந்தது. தெரிந்துகொண்ட பிறகு கேட்காமல் இருக்க முடியவில்லை.

மெட்டில் பனிமூட்டம். டீக்கடைக்கு எதிரே சக்கரத்துக்குக் கல் வைத்து, சாக்கை விரித்து அடியில் படுத்தேன். ஐந்தாவது அமுக்கலில் நாலாவது கப்பும் வழிவிட்டது. ஒரு கணம் சந்தோஷம். பிறகு நிறத்தைப் பார்த்தேன். கிரீஸோடு கலந்து வந்தது குங்குமம் போன்ற துருப்பொடி.

*

மறுநாள் கழற்றினோம். கிராஸ் முழுச்சுற்றாகச் சுழல்வதில்லை. சில பாகை இப்படியும் அப்படியும் ஆடும், அவ்வளவே. ஊசிகள் நின்ற இடத்திலேயே நின்று தேய்க்கும். அடியிலிருந்த கிரீஸ் ஒதுங்கிவிட்டால் தானாகத் திரும்பி வராது.

மூன்று முனைகள் கண்ணாடியாக இருந்தன. நாலாவது கப்பைத் தட்டியபோது ஊசிகள் பாதி பொடியாகவே கொட்டின. அந்த முனையில், பாரம் தாங்கிய பக்கத்தில் மட்டும், ஊசிகள் நின்ற இடமெல்லாம் பள்ளக் கோடுகள். புதுக் கிராஸ் போட்டாயிற்று. பழையது என் மேசையில் இருக்கிறது. நகத்தால் வருடினால் கோடுகள் ஒவ்வொன்றாகத் தட்டுப்படுகின்றன.