கவலை பிறப்பது மனத்திலா, மடியிலா?

விழுப்புரம், திருவண்ணாமலை பக்கத்தில் கரும்பு போட்டவர் கையில் மொத்தமாகக் காசு புரள்வது வருஷத்துக்கு ஒரு தடவைதான். ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வர வேண்டும், கரும்பு லாரி ஏற வேண்டும், எடை போட்டுக் கணக்குப் பார்த்துப் பணம் வர வேண்டும். அதுவரை குடும்பம் ஓடுவது கடனில். மனைவியின் தோடு அடகுக் கடையில் இருக்கும். மளிகைக் கடை நோட்டில் பாக்கி ஏறிக்கொண்டே போகும். பணம் வந்ததும் நகையை மீட்டு, கடனை அடைத்து, சில மாதம் நிம்மதியாக மூச்சு விடுவார்கள். பிறகு மறுபடியும் அடகு, மறுபடியும் பாக்கி.

இந்த இரண்டு மாவட்டங்களின் 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளை ஓர் ஆய்வுக் குழு சந்தித்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் ஆகிய நால்வரின் அந்த ஆய்வு 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்தது. அறுவடைக்கு முன்பு ஒரு தடவை, பின்பு ஒரு தடவை என்று அதே ஆட்களுக்கு அதே மாதிரிப் புதிர்களைக் கொடுத்தார்கள். வரிசையாக வரும் வடிவங்களில் விடுபட்டது எது என்று கண்டுபிடிக்கும் புதிர்கள் அவை; படிப்பு தேவையில்லை, யோசிக்கத் தெரிந்தால் போதும். அறுவடைக்கு முன்பு நூற்றுக்கு 78 பேர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள். பின்பு அது 4 பேராகக் குறைந்தது. புதிரில் கிடைத்த விடையும் அதோடு சேர்ந்தே மாறியது. கடன் நெருக்கிய மாதங்களில் தடுமாறியவர், கடன் அடைந்த பிறகு அதே மாதிரிப் புதிர்களைத் தெளிவாகப் போட்டார். ஆள் மாறவில்லை, குணம் மாறவில்லை, அவர் எந்தத் தியானமும் பழகிக்கொள்ளவில்லை. மடியில் இருந்த கனம் மட்டும் மாறியிருந்தது.

மன அழுத்தம் பற்றிய நம் ஆன்மிகப் பேச்சுகள் பெரும்பாலும் இந்த விவசாயியைத் தாண்டிப் போய்விடுகின்றன. ஆசைதான் காரணம், ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் காரணம், பற்றை விடு, மனத்தை அடக்கு என்று சொல்லி மேடையை விட்டு இறங்கிவிடுகிறார்கள். சொன்னதில் பொய் இல்லை. ஆனால் பாதியைச் சொல்லிவிட்டு முழுதையும் சொன்னதாக நினைப்பதில் ஒரு கொடுமை இருக்கிறது. வட்டி கட்ட முடியாமல் தூக்கம் கெட்டவர், தூங்க முடியாததற்கும் தன் மனத்தின் பலவீனமே காரணம் என்று நொந்துகொண்டு வீட்டுக்குப் போகிறார்.

நம் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று பிரித்துப் பார், கையில் இல்லாததற்காகக் கலங்காதே என்று போதித்தவர் எபிக்டெட்டஸ். ரோமில் அடிமையாக இருந்து, பிறகு விடுதலை பெற்று, கிரேக்க நகரமான நிக்கோபோலிஸில் பாடம் சொன்னவர். அடிமையாக வாழ்ந்தவர் சொன்னதால் அந்தச் சொல்லுக்கு மரியாதை அதிகம். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் கையில் இருப்பதன் அளவு எல்லோருக்கும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். லண்டன் அரசு அலுவலகங்களில் 1967இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு அதைத்தான் காட்டியது. அதில் இருந்த ஆண்கள் ஏறக்குறைய 18,000 பேர். அத்தனை பேருக்கும் அரசாங்க வேலை. பெரிய பொறுப்பைச் சுமக்கும் மேலதிகாரிக்குத்தான் இதயம் முதலில் கெடும் என்று எதிர்பார்த்தார்கள். நடந்தது நேர்மாறு: கடைநிலை ஊழியர்கள் இதய நோயால் இறந்த விகிதம் உச்சிப் பதவிக்காரர்களைப் போல மூன்று மடங்குக்கு மேல். புகை, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்த பின்னும் வித்தியாசத்தின் பெரும்பகுதி அப்படியே நின்றது. தன் வேலையைத் தானே தீர்மானிக்க முடியாதவருக்கு நோய் அதிகம் என்பதை 1985இல் தொடங்கிய இரண்டாவது ஆய்வு எடுத்துக்காட்டியது. எப்போது வருவது, எதை முதலில் செய்வது, எப்போது எழுந்து தண்ணீர் குடிப்பது என்பதுகூட இன்னொருவர் உத்தரவாக இருக்கும் வேலையில், எபிக்டெட்டஸ் சொன்ன அந்தக் ‘கையில் உள்ளது’ எவ்வளவு மிஞ்சும்?

புத்தரை எடுத்துக்கொள்வோம். துன்பம் வரும்போது உடம்பில் தைக்கும் அம்பு ஒன்று, அதை நினைத்து மனம் தானே தைத்துக்கொள்ளும் அம்பு இன்னொன்று என்று அவர் சொன்னது பௌத்த நூலான சம்யுத்த நிகாயத்தில் இருக்கிறது. இன்றைக்கு மனநலப் பயிற்சி வகுப்புகள் எல்லாம் இந்த இரண்டாவது அம்பை எடுத்துக்கொண்டன. முதல் அம்பைப் பற்றியும் அவர் பேசியிருக்கிறார். அங்குத்தர நிகாயத்தில் ஒரு சூத்திரம் வறுமை துன்பம், கடன் துன்பம், வட்டி துன்பம், கடன்காரன் வந்து கேட்பது துன்பம், பின்தொடர்வது துன்பம், கட்டிப்போடுவது துன்பம் என்று படிப்படியாகப் போகிறது. வசூல்காரர் வாசலில் நிற்பதைப் பார்த்தவர் எவருக்கும் இந்த வரிசை புரியும்.

தம்மபத உரையில் ஆளவி நகரத்துக் கதை ஒன்று வருகிறது. காணாமல் போன மாட்டைத் தேடி அலைந்த ஏழை விவசாயி ஒருவன், வெறும் வயிற்றோடு, தாமதமாகப் புத்தரின் சபைக்கு வந்து சேர்கிறான். ஊரே உபதேசத்துக்குக் காத்திருக்கிறது. புத்தர் வாய் திறக்கவில்லை. மிச்சம் இருக்கும் சோற்றை அவனுக்குப் போடச் சொல்கிறார். அவன் சாப்பிட்டு முடித்து, களைப்பு தீர்ந்த பிறகே பேசத் தொடங்குகிறார். பசியோடு இருப்பவனுக்குத் தர்மம் ஏறாது என்பது அவர் சீடர்களுக்குச் சொன்ன விளக்கம்.

வள்ளுவரும் இரண்டையும் தனித்தனியே வைத்தவர்தான். அவா அறுத்தலுக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கிய அதே கை, வறுமையைச் சொல்லும் நல்குரவுக்கும் ஓர் அதிகாரம் எழுதியது. நபிகள் நாயகம் அடிக்கடி கேட்ட துஆ ஒன்றில் கவலையும் துயரமும் கடன் சுமையும் ஒரே மூச்சில் வருகின்றன.

ஆனால் இந்த விஷயத்தை யாரையும்விட நுணுக்கமாகப் பார்த்தவர் வள்ளலார். பசி ஏற ஏற உள்ளே என்னென்ன அணைகிறது என்று ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் ஒரு வைத்தியரைப் போல எழுதிக்கொண்டு போகிறார்: அறிவு மங்குகிறது, மனம் தடுமாறுகிறது, கண் பஞ்சடைகிறது, உள்ளே இருக்கும் கடவுள் விளக்கமே மறைகிறது. பசித்தவனிடம் கடவுளைத் தேடச் சொல்வது அவருக்கு ஒப்பாத காரியம். அதனால் 1867 மே 23 அன்று வடலூரில் தருமசாலையைத் திறந்து அடுப்பு மூட்டினார். கரும்பு விவசாயிகளின் விழுப்புரமும் இந்த வடலூரும் பழைய தென்னாற்காடு மாவட்டத்தில் ஒன்றாக இருந்த ஊர்கள். ‘சயின்ஸ்’ இதழ் அளந்து சொன்ன அறிவு மயக்கத்தை அதே மண்ணில் ஒரு துறவி ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே கண்டு, மருந்தும் போட்டிருக்கிறார்.

கடனிலும் மனத்துக்குப் பங்கு உண்டு என்பதை மறைக்க முடியாது. பக்கத்து வீட்டுக் கல்யாணத்தைவிடப் பெரிய மண்டபம், கூடுதல் சீர் என்று வாங்கிய கடனுக்கு ஆசையும்தான் காரணம். அங்கே உபதேசத்துக்கு வேலை இருக்கிறது; அதை நன்றாகவே செய்யலாம். ஆனால் மருத்துவச் செலவுக்கு வாங்கி மீட்டர் வட்டியில் மாட்டிக்கொண்ட தாயிடம் பற்றறுக்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. கந்துவட்டியைத் தடுக்க 2003இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. அப்படியும் 2017 அக்டோபரில், பலமுறை மனுக் கொடுத்தும் தீர்வு கிடைக்காமல், நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் இரண்டு குழந்தைகளோடு ஒரு குடும்பமே மாண்டுபோனது.

கோயிலிலும் பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் மன அமைதி பற்றிப் பேசுகிறவர்களிடம் கூட்டம் தானாக வருகிறது. அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் யாரிடமும் சொல்ல முடியாத கடனோடு உட்கார்ந்திருக்கலாம். வட்டிக் கொடுமை பாவம் என்று அதே மேடையில் பெயர் சொல்லிப் பேசலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு பெண்களுக்கும் ஏழைகளுக்கும் இலவசமாக வழக்கறிஞரைத் தருகிறது என்பதை ஒலிபெருக்கியில் அறிவிக்கலாம். அன்னதானப் பந்தலுக்குப் பக்கத்தில் அந்த ஆணைக்குழுவினருக்கு ஒரு மேஜையும் நாலு நாற்காலியும் போட்டுக் கொடுக்கலாம்.