பாழடைந்த ஆஸ்பத்திரியும் படம் எடுப்போர் தர்மமும்

ஒரு சதுர அடி நிலத்துக்குச் சொல்லப்படும் விலையைக் கேட்டாலே மூச்சு முட்டும் பெங்களூரில், ஒரு வைத்தியசாலை ஆளற்றுக் கிடந்து, கூரை இற்று, சுவர் வெடிப்பில் அரசங்கன்று முளைத்து, பாழ் என்ற பெயரைச் சம்பாதித்துக்கொள்ளும் அளவுக்கு அவகாசம் பெறுவது அபூர்வம். 1900-ஆம் ஆண்டில் கர்சன் பிரபு திறந்துவைத்த விக்டோரியா ஆஸ்பத்திரி இன்றும் நோயாளிகளால் நிரம்பி வழிகிறது. பௌரிங் ஆஸ்பத்திரியின் கதையும் அதுவே. ஆகவே சிதைவில் சௌந்தரியம் காணும் ரசனை படைத்த பெங்களூர் இளைஞர்கள், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் காமிராவும் கையுமாகப் புறப்பட்டு, கிழக்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலார் தங்கவயலை நாடிச் செல்கிறார்கள். அவ்வூரையும் பெங்களூரையும் இணைக்கும் இருப்புப்பாதையில், வாரத்தின் மற்ற நாட்களில், தங்கவயலின் மாரிக்குப்பம் நிலையத்திலிருந்து பொழுது விடியுமுன் புறப்படும் ரயில்களில் தங்கவயல்வாசிகள் ஆயிரக்கணக்கில் எதிர்த்திசையாகப் பெங்களூருக்குப் பிழைப்புத் தேடி வருகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான், இக்கட்டுரை எடுத்துக்கொண்ட விஷயம் வெறும் கலா ரசனையைப் பற்றியதன்று என்பது விளங்கும்.

1880-ல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் கம்பெனி பொறுப்பேற்றது தொடங்கி, ஏறத்தாழ நூற்றிருபது வருஷ காலத்தில், சுமார் 800 டன் தங்கம் அந்த மண்ணிலிருந்து எடுக்கப்பட்டது. மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், பாறையின் உஷ்ணத்திலும் வெடிமருந்துப் புகையிலும் நின்று அதை வெட்டி எடுத்தவர்களில் பெரும்பான்மையோர் வட ஆற்காடு முதலிய ஜில்லாக்களிலிருந்து சென்று லைன் என்னும் வரிசை வீடுகளில் குடியேறிய தமிழர்கள். அவர்களிலும் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட ஜாதியினர். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனத்தின் சுரங்கங்கள் மூடப்பட்டபோது, சுரங்கத்தை நம்பியிருந்த ஆஸ்பத்திரியும் மூடப்பட்டது. அந்த ஆஸ்பத்திரியை மற்ற ஆஸ்பத்திரிகளோடு ஒன்றாக எண்ணுவதற்கில்லை. பாறைத் தூசி நுரையீரலில் படிந்து மூச்சை இறுக்கும் சிலிக்கோசிஸ் என்ற வியாதியைப் பற்றி இந்த தேசத்தில் முதன்முதல் விரிவாக நடந்த ஆராய்ச்சிகளில் ஒன்று தங்கவயலில்தான் நடந்தது. 1947-ல் வெளிவந்த அதன் முடிவின்படி, பரிசோதிக்கப்பட்ட தொழிலாளர்களில் 100-க்கு 40-க்கும் மேற்பட்டோர் அந்த நோய்க்கு ஆளாகியிருந்தார்கள். ஆகவே அங்கே ஒரு தொழிலாளியின் மார்பை எடுத்த எக்ஸ்ரே படம் என்பது வெறும் மருத்துவக் காகிதமன்று. அவன் பட்ட பாட்டின் கணக்கும், அவன் குடும்பம் நியாயம் கேட்பதற்கான அத்தாட்சியும் அதுவே.

இத்தகைய ஒரு கட்டடத்துக்குள், சொந்தக்காரர் கைவிட்டுவிட்டார், காவலும் தளர்ந்துவிட்டது என்ற தைரியத்தில், யாரையும் கேளாமல் நுழைந்து, அதன் சிதைவைப் படம் பிடித்து ஊரார் பார்வைக்கு வைப்பது தகுமா? கேள்வி சிறியதாகத் தோன்றலாம். பதில் அத்தனை சிறியதன்று.

சட்டத்தைக் கேட்டால் அது அரை மனதோடுதான் பதில் சொல்லும். அத்துமீறி நுழைவதைக் குற்றமாக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 329-ஆம் பிரிவும், அதற்கு முன்பிருந்த 1860-ஆம் வருஷத்துத் தண்டனைச் சட்டத்தைப் போலவே, நுழைபவனின் எண்ணத்தை ஆராய்கிறது: குற்றம் இழைக்கவோ, இடத்தைத் தன் வசம் வைத்திருப்பவரை மிரட்டவோ, அவமதிக்கவோ, தொல்லைப்படுத்தவோ எண்ணி நுழைந்தானா என்பதே அங்கே விசாரணை. உடைந்த ஜன்னல் வழியே விழும் வெயிலைப் படம் பிடிக்க வந்தவனிடம் அப்படிப்பட்ட எண்ணம் இருந்ததென்று நிரூபிப்பது கடினம். ஆகையால் அவன் போலீஸாரிடம் வசவு வாங்கிக்கொண்டு வீடு திரும்பிவிடக்கூடும். சட்டம் விட்டுவிட்டது என்பதனால் தர்மமும் விட்டுவிட்டது என்று நினைப்பது நம்மவர்களிடையே வேரூன்றிவிட்ட ஒரு சௌகரியமான பழக்கம்.

அபாயத்தைப் பற்றி எடுத்துச் சொன்னால், துணிச்சல்காரர்கள் உடனே சொல்லும் மறுமொழி ஒன்று உண்டு: உயிர் என்னுடையது, அதைப் பணயம் வைப்பதும் என் இஷ்டம். இதைக் கேட்டவுடன் ஒரு வீரம் தொனிப்பதாகத் தோன்றும். கொஞ்சம் நின்று யோசித்தால் அந்தத் தொனி அடங்கிவிடும். செல்லரித்த மரத்தளம் சரிந்து ஒருவன் கீழே விழுந்தால், அவனைத் தூக்குவதற்கு அதே தளத்தின்மேல் கால் வைக்க வேண்டியவர் தீயணைப்புப் படையின் ஊழியர். வாசலில் மாதச் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கும் வயோதிகக் காவற்காரர், நூறு ரூபாய் நோட்டொன்றைப் பெற்றுக்கொண்டோ, பெறாமலே இளைஞர்களின் இங்கிலீஷுக்கு அஞ்சியோ, கதவைத் திறந்துவிட்டிருந்தால், விபத்து நடந்த மறுநாள் வேலையிழப்பவர் அவர். படம் பிரசித்தமானால், அதைப் பார்த்துவிட்டு அதே இடத்தில், அதைவிட ஓரடி விளிம்புக்கு நெருக்கமாக நின்று படம் எடுக்க வருகிறவன் இன்னொருவன். ஆக, பணயத்தில் வைக்கப்படுவது ஓர் உயிர்தான் என்பது கணக்கிலேயே பிழை.

மற்றப் பாழ்கள் வேறு, பாழடைந்த ஆஸ்பத்திரி வேறு. கோட்டை இடிந்தால் கல் விழும், பாம்பு இருக்கும், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியிலோ ஊசிமுனை, பாதரசம், பழைய கூரைத் தகட்டில் கல்நார், வௌவால் எச்சத்தின் தூசியில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை என்று கண்ணுக்குப் புலப்படுவனவும் புலப்படாதனவுமாகப் பல உண்டு. எக்ஸ்ரே இயந்திரத்தைக் கண்டு பலர் அஞ்சுகிறார்கள். மின்சாரம் இல்லாத எக்ஸ்ரே இயந்திரம் கதிர் வீசாது, அது வெறும் இரும்பு. அஞ்ச வேண்டியது புற்றுநோய்ச் சிகிச்சைக்காகக் கோபால்ட், சீஸியம் முதலிய கதிரியக்கப் பொருள்களைத் தன் வயிற்றில் வைத்திருக்கும் இயந்திரத்தைத்தான். அதற்கு மின்சாரம் வேண்டியதில்லை, ஓய்வும் கிடையாது.

பிரேஸில் தேசத்தில் கொயானியா என்ற நகரில் 1987 செப்டம்பரில் நடந்ததை இவ்விடத்தில் நினைவூட்டாமல் இருக்க முடியாது. அங்கே ஒரு கதிர்ச் சிகிச்சை நிலையம் வேறிடத்துக்குக் குடிபெயர்ந்தபோது ஓர் இயந்திரத்தைப் பழைய கட்டடத்திலேயே விட்டுச் சென்றது. கட்டடம் பாதி இடிந்து, கேட்பாரற்றுக் கிடந்தது. உள்ளே நுழைந்த இருவர் இயந்திரத்தின் தலைப்பாகத்தைக் கழற்றிப் பழைய இரும்பு வியாபாரியிடம் விற்றார்கள். உள்ளிருந்த சீஸியம் உப்பு, நூறு கிராமுக்கும் குறைவு. இருட்டில் நீல நிறமாக ஒளிர்ந்தது. அதன் அழகில் மயங்கி அதை உற்றார் உறவினருக்குப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். சிலர் உடம்பில் பூசிக்கொண்டார்கள். ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி அது ஒட்டிய கையோடு ஆகாரம் உண்டாள். அச்சிறுமி உட்பட நால்வர் மாண்டனர். 249 பேரிடம் கதிரியக்கப் படிவு காணப்பட்டது. லட்சத்துக்கும் அதிகமானோரைச் சோதிக்க வேண்டியிருந்தது. நம் தலைநகரில் மாயாபுரி என்ற பழைய இரும்புச் சந்தையில் 2010-ல் ஒருவர் உயிரிழந்ததும் இவ்வகையே. அங்கே ஏலத்துக்கு வந்தது, டெல்லி சர்வகலாசாலையின் ரசாயன இலாகாவில் 1985 முதல் உபயோகமின்றிக் கிடந்த கோபால்ட் இயந்திரம். இரண்டு இடங்களிலும் உயிரிழந்தவர்களில் ஒருவர்கூட அந்த இயந்திரத்தைக் கைவிட்டவர் அல்லர் என்பது கவனிக்கத்தக்கது. படம் எடுப்பவன் இரும்பு திருடுபவனல்லன் என்பது மெய்யே. ஆனால் அவன் விலக்கிவிட்ட தகரமும், அவன் அறிவித்துவிட்ட இடமும், அவனுக்குப் பின்னால் வருகிறவனுக்கு வழி காட்டுகின்றன.

அபாயம் ஒருபுறம் இருக்க, இதைவிட நுட்பமான கேள்வி காகிதங்களைப் பற்றியது. ஆஸ்பத்திரிகள் மூடப்படும்போது கட்டிலும் பீரோவும் கணக்கில் ஏறுகின்றன. நோயாளிகளின் குறிப்புகள் பெரும்பாலும் ஏறுவதில்லை. உள்நோயாளியின் பதிவேடுகளை மூன்று வருஷம் பாதுகாக்க வேண்டுமென்று மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதி கூறுகிறது. அதன் பிறகு அவை செல்லுக்கும் எலிக்கும் சொத்து. கட்டிலின் கம்பியில் மாட்டிய அட்டை, கரையான் பாதி தின்ற பேரேடு, பெயரும் வயதும் ஊரும் நோயும் நீல மையில் எழுதிய ஒரு பக்கம்: காமிராவுக்கு இதைவிடச் சுவையான விஷயம் கிடைப்பது அரிது. ஆயினும் அந்தப் பக்கத்தில் இருப்பது ஒரு மனிதன் வைத்தியரிடம் மட்டும் சொன்ன ரகசியம். குஷ்டம், க்ஷயம், சித்தப்பிரமை, மணமாகாத கர்ப்பம் என்ற சொற்கள் ஒரு குடும்பத்தின் கல்யாணங்களை மூன்று தலைமுறைக்குத் தடுத்து நிறுத்தக்கூடிய தேசம் இது. ரகசியம் காப்பதாக வைத்தியர் பிரமாணம் செய்திருக்கிறார், படம் எடுப்பவன் செய்யவில்லையே என்று வாதிப்பார் உண்டு. கீழே விழுந்து கிடக்கும் பிறர் கடிதத்தைப் படிக்கக் கூடாதென்பதற்கு யாரும் பிரமாணம் செய்து கொடுத்ததில்லை. இருந்தும் யோக்கியர்கள் படிப்பதில்லை. அமெரிக்காவில் வில்லர்டு என்ற இடத்து மனநோய் மருத்துவமனை 1995-ல் மூடப்பட்டபோது, மேல்மாடத்தில் நோயாளிகளின் பெட்டிகள் நானூறு அளவில் கிடைத்தன. அவற்றைப் படமெடுத்த ஜான் கிரிஸ்பின் குடும்பப் பெயர்களை மறைத்தே வெளியிட நேர்ந்தது. பெயர் மறைத்ததனால் அப்படங்கள் சோபை இழந்துவிடவில்லை.

சிதைவை அலங்கரிக்கும் வழக்கம் இதனினும் விகாரமானது. வார்டின் மூலையில் கிடந்த சக்கர நாற்காலியை இழுத்து வந்து ஜன்னலுக்கு நேரே வெயிலில் நிறுத்துகிறார்கள். படத்தை உற்றுப் பார்த்தால், பல வருஷத்துத் தூசியின்மேல் புதிதாகப் பதிந்த இரண்டு சக்கரத் தடங்கள் மூலையிலிருந்து ஜன்னல் வரை ஓடுவது தெரியும். சிலர் அதோடு நில்லாமல் ஒரு பொம்மையையும் கொண்டுபோய்க் கட்டிலில் கிடத்துகிறார்கள். பிறகு பேய்க் கதை. ஆஸ்பத்திரியில் மாண்டவர்கள் ஆவியாய் உலவுவதாகச் சொல்லி விற்கப்படும் ஒவ்வொரு படத்திலும், அங்கே உயிர் பிழைத்துச் சென்றவர்களும், பிறந்த குழந்தைகளும், இரவெல்லாம் விழித்திருந்த நர்ஸுகளும் அழிக்கப்படுகிறார்கள். மனநோயாளிகளைத் தங்க வைத்திருந்த கட்டடமாயின் இந்த அவமரியாதை இரட்டிக்கிறது. உயிரோடிருக்கையில் அவர்களைக் கண்டு அஞ்சிய சமூகம், இறந்த பின்னும் அவர்களை வைத்து அச்ச வியாபாரம் நடத்துகிறது.

இவ்வளவையும் சொன்னதனால், படமே எடுக்கலாகாது என்று தீர்ப்பளிப்பதும் நியாயமாகாது. நியூயார்க் துறைமுகத்தில் எல்லிஸ் தீவின் ஆஸ்பத்திரிப் பகுதி 1954-க்குப் பிறகு கேட்பாரற்றுக் கிடந்தது. 1998 முதல் ஸ்டீவன் வில்க்ஸ் என்பவர் வருஷக்கணக்கில் அங்கே சென்று எடுத்த படங்கள், அதைக் காப்பாற்ற அரசாங்கம் பொருளுதவி அளிப்பதற்கே காரணமாயின. ஈழத்தில் 2009-ல் புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரி எறிகணைகளால் தாக்கப்பட்டதை ஐக்கிய நாடுகளின் நிபுணர் குழு 2011-ல் பதிவு செய்தது. அத்தகைய இடத்தில் இடிந்த வார்டைப் படம் எடுப்பவன் அத்துமீறியவனல்லன், சாட்சி. ஆகவே படம் எடுப்பது தவறா என்பதைக் காட்டிலும், எடுத்தவன் அந்த இடத்துக்கு ஏதேனும் கடன்பட்டதாக உணர்கிறானா என்பதே முக்கியம். வில்க்ஸ் திரும்பத் திரும்பச் சென்றார், அனுமதி பெற்றார், அந்த இடத்துக்காகப் பரிந்து பேசினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, வெயில் ஏறுமுன் எடுத்துக்கொண்டு, மாலைக்குள் பெங்களூரில் காப்பி அருந்தப் போய்ச் சேருகிறவன் அந்த வரிசையில் நிற்பவனல்லன்.

2021-ல் கொரோனா இரண்டாம் அலையின்போது தங்கவயலில் நடந்ததை இங்கே கூறுவது அவசியம். இருபது வருஷமாகப் பூட்டிக் கிடந்த அந்த ஆஸ்பத்திரியைத் தன்னார்வலர்கள் கூடிக் குப்பை வாரி, கழுவி, சீர்செய்து, சில வாரங்களுக்குள் நோயாளிகளுக்குக் கட்டில் போடும்படி ஆக்கிவிட்டார்கள். முடிந்துபோன கதை என்று காமிரா வர்ணித்துக்கொண்டிருந்த சுவர்களுக்குள் இன்னும் உபயோகம் மிச்சமிருந்தது. அதைக் கண்டுகொண்டவர்கள் அங்கே துடைப்பத்தோடு நுழைந்தவர்கள். தங்கவயலைச் சிதைவு என்று மட்டும் காட்டும் படம், அங்கே லைன் வீடுகளில் வசித்துக்கொண்டும், வேலைக்காக தினமும் ரயிலேறிக்கொண்டும், சுரங்க நிறுவனத்திடமிருந்து வர வேண்டிய நிலுவைக்காக மனு எழுதிக்கொண்டும் இருக்கும் மக்கள் இல்லவே இல்லை என்று சொல்லும் ஒரு பொய். பொய் அழகாக இருப்பதனால் மன்னிக்கப்படுவதில்லை.

குற்றத்தின் பெரும்பங்கு, காமிரா ஏந்திய இளைஞர்களைச் சார்ந்ததன்று என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஓர் ஆஸ்பத்திரியை மூடுகிற நிர்வாகம், அது அரசாங்கமாயினும் கம்பெனியாயினும், கடைசி நோயாளி வெளியேறிய அன்றே பதிவேடுகளை அகற்றவும், கதிரியக்கப் பொருள் ஏதேனும் இருப்பின் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குக் கணக்குக் காட்டி ஒப்படைக்கவும், கிணற்றையும் லிப்டு பள்ளத்தையும் மூடவும் கடமைப்பட்டது. அதைச் செய்யாமல் பூட்டை மட்டும் தொங்கவிட்டுப் போனவர்களை யாரும் படம் எடுப்பதில்லை. எடுக்கத்தக்க படம் அதுதான். அதற்குள்ளாக அங்கே செல்ல விரும்புகிறவர்கள் அனுமதியை எழுத்தில் பெறட்டும். அந்த வார்டில் படுத்தெழுந்த தொழிலாளி ஒருவரையேனும் லைனிலிருந்து அழைத்துக்கொண்டு, அவர் எதைக் காட்டுகிறாரோ அதை முதலில் எடுக்கட்டும். அவர் வேண்டாமென்று சொல்லும் இடத்தில் காமிராவை மூடிவிட வேண்டும்.