முதல் பத்து மணி நேரம்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



பண்டார் பாருவில் வாழும் நமக்குக் கெரியான் ஆறு புதிதல்ல. இக்கரை கெடா, எதிர்க்கரை பேராக்கின் பாரிட் புந்தார், ஆற்றோடு சென்றால் பினாங்கு மாநிலத்து நிபோங் திபால், அப்பால் மலாக்கா நீரிணை. ஆண்டின் தொடக்கத்தில் மழை ஓய்ந்து வறண்ட நாட்கள் வந்ததும், புதுப் படகு வாங்கியவர்கள் அதை ஆற்றில் இறக்கிப் பார்க்க ஆசைப்படுவது இயல்பு. நம் முன்னோரின் தமிழகக் கீழைக் கரையிலும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடை முடிந்ததும், பழுது பார்த்த விசைப்படகுகள் கடலில் இறங்குகின்றன. 1786-இல் பினாங்கில் ஆங்கிலேயர் குடியேற்றம் ஏற்படுவதற்கு முன்பே கெடாத் துறைமுகங்களில் வாணிகம் செய்தவர்கள் நம் சூலியா மரக்கலக்காரர்கள். ஆகவே படகைப் பற்றிப் பேசுவது நமக்கு வீட்டுப் பேச்சே.

நூஹ் நபி (அலை) அவர்கள் கப்பலில் ஏறுமாறு தம் மக்களை அழைத்தபோது, அது ஓடுவதும் நிற்பதும் அல்லாஹ்வின் திருப்பெயராலேயே என்று கூறினார்கள். இதை ஹூது சூராவில் காண்கிறோம். நாமும் பிஸ்மில்லாஹ் சொல்லித்தான் படகை இறக்குகிறோம். ஆனால் பிஸ்மில்லாஹ் சொல்லிவிட்டு, படகின் அடித்தக்கையை மாட்ட மறந்தால் தண்ணீர் உள்ளே வரத்தான் செய்யும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்னவர்கள் அல்லவா நம் நாயகம் (ஸல்) அவர்கள்!

புது இயந்திரத்தின் தன்மையைச் சற்றுக் கவனியுங்கள். வெளியே பளபளப்பாக இருப்பினும், உள்ளே பிஸ்டன் வளையங்களும் சிலிண்டர் சுவரும் இன்னும் ஒன்றோடொன்று பழகவில்லை. ஓடி உராய்ந்துதான் அவை பொருந்தி அமரும். எனவேதான் படகு இயந்திரங்கள் பலவற்றுக்கு முதல் பத்து மணி நேரத்தைப் பழக்கும் காலமாக வைத்திருக்கிறார்கள். தொடக்கத்தில் சில நிமிடம் மிக மெதுவாக ஓட்ட வேண்டும். முதல் ஒரு மணி நேரம் பாதி விசைக்கு மேல் போகலாகாது. பிறகு சிறுகச் சிறுக ஏற்ற வேண்டும். முழு வேகம் கொடுத்தாலும் சில நிமிடமே கொடுக்க வேண்டும். குளிர்விக்கும் நீர் தாரையாக வெளியே விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஓடும் இயந்திரமானால், வழக்கமாக 50 பங்குக்கு ஒரு பங்கு எண்ணெய் ஊற்றுகிறவர்கள் பழக்கும் காலத்தில் 25 பங்குக்கு ஒரு பங்கு ஊற்றுவது உண்டு.

இன்னொன்றும் உண்டு. பயந்துபோய் ஒரே மெதுவில் ஓட்டிக்கொண்டிருந்தாலும் வளையங்கள் சரியாக அமரா. ஏற்றியும் இறக்கியும் ஓட்ட வேண்டும். அவசரமும் ஆகாது, சோம்பலும் ஆகாது. நடுநிலைச் சமுதாயம் என்று பெயர் பெற்ற நமக்கு இது புதிய பாடமா?

சகோதரர்களே, இதை நான் ஏட்டில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நானும் என் காக்காவும் கூட்டாக ஒரு சிறு விசைப்படகு வாங்கினோம். ஃபாத்திஹா ஓதி, வந்தவர்களுக்கு நெய்ச்சோறு கொடுத்து இறக்கினோம். மெக்கானிக் சொன்னதெல்லாம் என் காதில் விழுந்தது. ஆனால் காக்கா கடைக்குத் திரும்பிய பின், கரையில் நின்ற நண்பர்கள் “இவ்வளவுதானா வேகம்?” என்று கேட்டார்கள். கைப்பிடியை முழுக்க முறுக்கிவிட்டேன். அன்று ஒன்றும் ஆகவில்லை. அந்த ‘ஒன்றும் ஆகவில்லை’தான் என்னை ஏமாற்றியது.

சில வாரம் கழித்து, காக்காவும் அவருடைய சிறு மகனும் சென்றிருந்தபோது, மஃரிபு நேரத்தில் இயந்திரம் இறுகி நின்றுவிட்டது. வற்றுநீர் படகை முகத்துவாரம் நோக்கி இழுத்தது. அவ்வழி வந்த ஒரு மலாய் மீனவர் கயிறு வீசி இழுத்து வந்தார். இயந்திரத்தைப் பிரித்தபோது பிஸ்டனின் பக்கமெல்லாம் கீறல். “தம்பி, முதல் நாள் எப்படி ஓட்டினாய்?” என்று காக்கா கேட்டார். “மெதுவாகத்தான்” என்றேன்.

பழுது பார்த்ததும் இயந்திரம் புதிது போலவே ஒலித்தது. அக்கரையிலிருந்து ஒருவர் விலை கேட்டு வந்தார். “அதிகம் ஓடாத படகு” என்று சொல்லிவிட்டால் பணம் கைக்கு வந்துவிடும், சொல்லும் பொய்யுமன்று. ஆனால் காய்ந்த தானியத்துக்கு அடியில் நனைந்ததை வைத்திருந்த வியாபாரியிடம் நாயகம் (ஸல்) அவர்கள் என்ன சொன்னார்கள்? ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்ற கருத்தில் அல்லவா எச்சரித்தார்கள்! குறையைச் சொல்லி விற்பதிலேதான் பறகத் என்றும் போதித்தார்கள். கப்பலின் கீழ்த்தட்டில் இருப்பவர்கள் தங்கள் வசதிக்காகத் துளையிட்டால் மேல்தட்டில் இருப்பவர்களும் மூழ்குவர் என்ற ஹதீதும் நினைவில் வந்தது. துளையிட்டவன் நான், மூழ்கவிருந்தவர்கள் என் காக்காவும் அவருடைய மகனும்.

இருவர் முன்னிலையிலும் உண்மையைச் சொன்னேன். வந்தவர் நன்றி கூறி, வாங்காமலே போய்விட்டார். காக்கா வெகுநேரம் பேசவில்லை. பின், “எஞ்சின் போனால் போகட்டும், மகன் வந்துவிட்டான். இனி என்னிடம் மறைக்காதே” என்றார். பல மாதம் கழித்து வெறும் படகை மட்டும் விற்றோம். நஷ்டம் நஷ்டமாகவே கணக்கில் நிற்கிறது. ஆயினும் அன்றிரவு இஷாவுக்குப் பின் நிம்மதியாக உறங்கினேன்.

புதுக் கடை திறக்கும் இளைஞர்களே! முதல் மாதத்து விற்பனையைக் கண்டு இரண்டாம் கடைக்குக் கடன் வாங்கிவிடாதீர்கள். கரையில் நின்று கூச்சலிடுகிறவர்கள் நடு ஆற்றில் கயிறு வீச வரமாட்டார்கள். இபாதத்திலும் அப்படியே: சிறிதானாலும் விடாமல் செய்வதே அல்லாஹ்வுக்கு உகந்தது என்பது நபிமொழியின் கருத்து. தொடக்கத்தில் யாரும் பாராத நேரத்தில் நாம் காட்டும் அடக்கமே பின்னால் நம்மைக் கரை சேர்க்கும். அடங்காமல் தவறிவிட்டால், அதை மறைக்காமல் சொல்லிவிடுவதே அடுத்த அடக்கம்.

யா அல்லாஹ்! எங்கள் தொடக்கங்களைச் சீராக்குவாயாக! எங்கள் வியாபாரத்தில் உண்மையையும் பறகத்தையும் தருவாயாக! நீரிலும் நிலத்திலும் எங்கள் பிள்ளைகளைக் காப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.