விளையாட்டும் நம்பிக்கைத் துரோகமும்

ஞாயிறு வந்தனை முடிந்தபின் நம் சங்கத்து இளைஞர் ஒருவர் எம்மை அணுகி ஓர் ஐயம் எழுப்பினார். கணிப்பொறி வழியே பல நாட்டார் கூடி ஆடும் ஆட்டத்தில், தன் அணியினரையே வஞ்சித்து அவர்தம் பொருளை மாற்றாரிடம் ஒப்படைப்பதை ஆட்ட விதி தடுக்கவில்லை. அங்ஙனம் செய்தவன் சீலம் குன்றியவனாவானா என்பதே அவ்வையம். சிறுபிள்ளைப் பேச்சென்று தள்ளிவிடவே முதலில் எண்ணினோம். அவர் சொன்ன வரலாறு அதற்கு இடந்தரவில்லை.

ஐஸ்லாந்தின் தலைநகரான ரெய்க்யவிக்கிலுள்ள சி.சி.பி. என்னும் நிறுவனம் 2003ஆம் ஆண்டில் 'ஈவ் ஆன்லைன்' என்னும் ஆட்டத்தை வெளியிட்டது. விண்வெளியில் கப்பலோட்டி, கனிமம் வெட்டி, வாணிகமும் போரும் நடத்தும் கற்பனையுலகம் அது. ஆயிரக்கணக்கானோர் கூட்டணி அமைத்து ஆண்டுக்கணக்கில் பாடுபடுவர். உளவும் களவும் அங்கே விதிக்கு உட்பட்டவை. 2009ஆம் ஆண்டில் 'பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்' என்ற வலிய கூட்டணியை, அதன் நிர்வாகிகளுள் ஒருவரே மாற்றாரோடு சேர்ந்து கலைத்துவிட்டார். சகோதரர் கூட்டம் என்று பெயர் சூட்டிக்கொண்டோர்க்கு நேர்ந்த கதி அது!

இவ்வாட்டத்திற்கு ஒரு பிரதிநிதி சபையும் உண்டு. நிறுவன ஊழியர் ஒருவர் தாம் சார்ந்த கூட்டணிக்கு முறைகேடாகப் பொருள் வழங்கியது 2007ஆம் ஆண்டில் வெளிப்பட்டுப் பெருங் கண்டனம் எழுந்தது. மறு ஆண்டே, ஆடுவோர் தாமே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் சபை நிறுவப்பட்டது. அதன் உறுப்பினர் ரெய்க்யவிக் சென்று, ஆடுவோரின் குறைகளை நிறுவனத்தார் முன் எடுத்துரைப்பர்.

இளைஞரின் மனத்தைத் தைத்தது 2017ஆம் ஆண்டு நிகழ்ச்சி. 'சர்க்கிள் ஆஃப் டூ' என்னும் கூட்டணியின் முக்கியஸ்தர் ஒருவர் அச்சபையிலும் உறுப்பினராயிருந்தார். அவர் பூண்ட புனைபெயர், விந்தையாக, 'தி ஜட்ஜ்'. நீதிபதி என்பது பொருள். தம் தலைவரின் போக்கில் அவருக்கு நெடுநாட் கசப்பு. சபைக் கூட்டத்திற்காக ஐஸ்லாந்து சென்றவிடத்தில் எதிர்க்கூட்டணியாரோடு பேச நேர்ந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் கூட்டணியின் பொக்கிஷத்தை அவர் கைப்பற்றிக்கொண்டார். பெருங்கோட்டையும் மாற்றார் வசமாயிற்று. செய்தியறிந்த தலைவர் வெகுண்டு, அவருடைய மெய்யான கைகளையே வெட்டுவதாகப் பொதுவில் மிரட்டல் எழுதினார். நிறுவனம் அத்தலைவரை ஆட்டத்திலிருந்து நிரந்தரமாக விலக்கியது. களவு ஆட்டத்துக்குள் அடங்கும், கையை வெட்டுவதாகச் சொல்வது அடங்காது என்பது நிறுவனத்தின் கோடு.

அக்கோடு நேரியதே. கள்வர் இருபுறப் பிடியுள்ள வாளால் அங்கம் அங்கமாய் அறுத்தபோதும் பகைமை கொள்ளலாகாதென்று ககசூபம சூத்திரத்தில் பகவான் போதித்திருக்க, விண்ணிலில்லாத கோட்டைக்காக மண்ணிலுள்ள மனிதனின் கையைக் கேட்பது எத்துணைப் பேதைமை!

ஆனால் விதி விலக்காதது எல்லாம் குற்றமற்றதாகிவிடுமா? எதிரணியை ஏய்த்துப் பந்தை உதைப்பவன் பொய்யனல்லன். ஏய்ப்பான் என்று அறிந்தே எதிரி களத்திலிறங்கினான். தோழன் நிலை வேறு. இரவெல்லாம் உடனிருந்து உழைத்த நட்பை நம்பியே அவன் பெட்டகச் சாவியை ஒப்படைத்தான். வஞ்சகம் அனுமதிக்கப்பட்ட ஆட்டம் என்பதை அவனும் அறிவானே என்பார் உளர். அறிந்திருந்தும் நம்பினானே, அதனாலன்றோ அந்நம்பிக்கை அருமையுடையதாகிறது! பொக்கிஷம் கற்பனை, நம்பினவன் கற்பனையல்லன். இராகுலருக்கு உபதேசித்தபோது வேடிக்கைக்காகவும் பொய் புகலலாகாதென்று பகவான் வரையறுத்தார். விளையாட்டென்னும் சாக்கை அன்றே அவர் அடைத்துவிட்டார்.

அவ்வுறுப்பினர் தலைவரை விட்டு நீங்கியதை யாம் குறை கூறோம். கொடிய தலைமையின்கீழ் இருந்தே தீரவேண்டுமென்று தம்மம் யாரையும் கட்டவில்லை. நீங்கும் முறைதான் கேள்வி. சங்கத்தை விட்டு விலக விரும்பும் பிக்கு, கேட்டுணரக்கூடிய ஒருவர் முன் அதனை வாய்விட்டுச் சொல்லி விலக வேண்டுமென்பது விநயம். சொல்லிப் பிரிந்தவன் துரோகியல்லன்.

பிரதிநிதி என்னும் பதவி இதனினும் நுண்ணியது. சங்கத்தில் தீர்மானம், குறைந்தபட்ச வருகை, சலாகை வாக்கு ஆகியன இருந்தமையைப் போதிசத்துவர் பாபாசாகேப் 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் எடுத்துக்காட்டினார். மேற்படி ஆட்டத்தின் தேர்தலிலோ, பெருங்கூட்டணிகள் தம் உறுப்பினருக்கு இன்னாருக்கே வாக்களியுங்கள் என்று பட்டியல் தருகின்றன. பெரும்பான்மை இடங்களும் அவர்களுக்கே போகின்றன. தனித்து ஆடும் சிறியவனுக்காகப் பேச வேண்டியவர், அவனுடைய வாக்கால் வந்தவரல்லர். 1932ஆம் ஆண்டுப் பூனா ஒப்பந்தத்தை அறிந்த நமக்கு இவ்விடர் புதிதன்று. எனினும் பொழுதுபோக்கையும் ஒரு மக்களின் வாழ்வுரிமையையும் ஒரே தட்டில் வைப்பது தகாது. அந்த 'நீதிபதி'யும் தம் கூட்டணித் தோழர் உள்ளிட்டோரின் வாக்கால் சென்றவர். சபையின் இரகசியம் எதையும் அவர் விற்றதாக யாம் சொல்லவில்லை. பிறர் குறையுரைக்கச் சென்ற பயணத்தில் அவர்தம் உடைமைக்கு விலை பேச நேர்ந்ததே உறுத்துகிறது.

இவ்வளவும் கேட்டிருந்த இளைஞர் சற்று நேரம் வாளாவிருந்தார். பின்னர், தம் குழுவின் பெட்டகத் திறவு தம்மிடமே உள்ளதென்றும், தலைவரோடு ஒவ்வாமையால் மாற்றணியிலிருந்து தமக்கு அழைப்பு வந்திருக்கிறதென்றும் மெல்லச் சொன்னார். போவதாயின் போகலாம், திறவைக் கொடுத்துவிட்டுச் சொல்லிப் போங்கள் என்றோம். "சொன்னால் அவர்கள் என்னை ஏசுவார்களே, ஐயா?" என்றார். ஏசக்கூடும் என்றோம். அன்றிரவே எழுதிவிடுவதாகக் கூறி எழுந்தார்.