அடுத்த ஊர்த் தண்ணீர்

எங்கள் முக்கூடலில் ஆற்றைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரு பெருமை தவறாமல் வரும். தாமிரபரணி தமிழ்நாட்டிலேயே பிறந்து, புன்னக்காயலில் தமிழ்நாட்டிலேயே கடலைச் சேர்கிறது. நாம் யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை. நானும் அப்படிச் சொல்லித் திரிந்தவன்தான். ஆனால் அது பிறக்கும் பொதிகையின் உச்சிக்கு நடக்க வேண்டுமானால் கேரள வனத்துறையிடம்தான் சீட்டு வாங்க வேண்டும்!

நம் பக்கத்துக் காரையாற்றுக் காடு களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். அந்த வழியே உச்சிக்கு ஏற விடுவதில்லை. ஆகவே மேற்கே கண்ணுக்குத் தெரிகிற மலைக்குத் திருவனந்தபுரத்தைச் சுற்றிப் போய், போனக்காட்டிலிருந்து நடந்தோம். பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பையைச் சோதித்துத்தான் உள்ளே விட்டார்கள். கரமனையாறு, அட்டையாறு என்று முதல் நாள் முழுக்க ஓடைகள். பாசிப் பாறையில் கால் வைத்து வைத்துக் கடக்கையில், உடன் வந்த பழங்குடிக் காணிக்காரரிடம், "இது நம்ம ஆத்துக்கு வர்ற தண்ணிதான?" என்றேன். "இல்லண்ணா, இது பேப்பாறை அணைக்குப் போகும். திருவனந்தபுரத்துக்காரங்க குடிக்கிறது" என்றார்.

அதைக் கேட்டபின் அந்த ஓடைகளில் வாய் கொப்பளிக்கக்கூடத் தயக்கமாக இருந்தது. யாரோ குடிக்கிற தண்ணீர். கையில் அள்ளி, ஓரமாக வந்து துப்பினேன். அதிருமலை முகாமில் அன்றிரவு குடித்த கஞ்சியும் அவர்கள் தண்ணீரில் வெந்ததுதான்.

மறுநாள் கயிற்றைப் பிடித்துப் பாறை ஏறி, 1,868 மீட்டர் உச்சியில் நின்றபோதுதான் சங்கதி புரிந்தது. ஒரே மேகம்தான். துளி இந்தப் பக்கம் விழுந்தால் அரபிக்கடல். கொஞ்சம் தள்ளி விழுந்தால் நமக்குக் கார், பிசானம் என்று நெல் விளைச்சல். இதில் நம் சாமர்த்தியம் என்ன இருக்கிறது?

சரி, அப்படிக் கிடைத்ததை என்ன செய்கிறோம்? பாபநாசத்தில் பாவம் தொலையக் குளித்துவிட்டு, உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டு வருகிறோம். 'நம்ம ஆறு' என்ற உரிமைதான் அந்தத் துணிச்சலைக் கொடுக்கிறது என்று தோன்றியது. எங்கள் ஊர் முத்துமாலை அம்மன் கோயில் பக்கம் ஆற்றில் இறங்கினாலும், அட்டையாற்றில் இருந்த கூச்சம் எனக்கு வருவதில்லை. விருந்தாளியாக இருந்தால் ஒழுங்காக இருப்போமோ?

அப்படியும் சொல்லிவிட முடியவில்லை. பாபநாசத்தில் இடுப்பளவு நீரில் இறங்கி, சேறேறிக் கனக்கும் அந்தத் துணிகளை மூட்டை மூட்டையாக வெளியே இழுத்துப் போடுகிறவர்களும் 'நம்ம ஆறு' என்றுதான் இறங்குகிறார்கள். அட்டையாற்றில் ஒரு பழந்துணி மிதந்திருந்தால் நான் எடுத்திருப்பேனா? முகம் சுளித்துவிட்டு அடுத்த பாறைக்குத் தாண்டியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.