மன்னாவும் மின்சாரமும்



யாத்திராகமம் 16-ஆம் அதிகாரத்திலுள்ள மன்னாவின் வரலாறு உங்களுக்குப் புதிதல்ல. வனாந்தரத்தில் பசியால் முறுமுறுத்த இஸ்ராயேல் ஜனங்களுக்குச் சர்வேசுரன் வானத்திலிருந்து அப்பம் பொழிந்தார். அது தேவநற்கருணைக்கு முன்னடையாளம் என்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறீர்கள். ஆனால் அதே அதிகாரத்தில் ஓர் அளவைப் பாத்திரமும் வருகிறது. பிரசங்கிகளாகிய நாங்கள் அற்புதத்தைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு அந்தப் பாத்திரத்தைப் பற்றிப் பேசுவதில்லை. ஆளுக்கு ஒரு கோமோர் என்று மோயீசன் கட்டளையிட்டார். கை வலுத்தவன் அதிகம் வாரினான், தளர்ந்தவன் கொஞ்சம் வாரினான். அளந்து பார்த்தபோதோ இவனுக்கு மிஞ்சவுமில்லை, அவனுக்குக் குறையவுமில்லை. மறுநாளைக்கென்று பதுக்கியவனுடைய பங்கில் புழு நெளிந்தது. அர்ச். சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், எருசலேம் நகரத்து ஏழைகளுக்காகத் தருமம் கேட்கும்போது இதே வரலாற்றைத்தான் எடுத்துக்காட்டுகிறார்.

அந்தப் பாத்திரம் இக்காலத்திலும் புழங்குகிற ஓர் ஊர் உண்டு. அதைப் பற்றித்தான் இன்று சொல்லப் போகிறேன்.

ஸ்காத்லாந்து தேசத்தின் மேற்குக் கடலில் எக் என்று ஒரு சிறு தீவு இருக்கிறது. நீளம் சுமார் 9 கிலோமீட்டர், அகலம் 5. வேதத்துக்கு அது அந்நிய மண்ணல்ல. 617-ஆம் ஆண்டில் அர்ச். தொன்னான் என்ற மடாதிபதி தம் தோழர்கள் 52 பேருடன் அங்கே வேதசாட்சியாக மரித்தார். கொல்ல வந்தவர்களிடம் பூசையை முடிக்கும்வரை மாத்திரம் தவணை கேட்டார் என்பது பாரம்பரியம்.

இந்தத் தீவு முழுவதும் வெகுகாலம் ஒரே சொந்தக்காரரின் சொத்தாயிருந்தது. அவர் விற்றால் இன்னொருவர் வாங்குவார். குடியிருந்த ஜனங்களை யாரும் கேட்பதில்லை. பலருக்குக் குத்தகைப் பத்திரம் கிடையாது. கூரை ஒழுகினாலும், நாளைக்கு நமக்கு நிலைக்காத வீட்டுக்கு ஏன் காசு போட வேண்டும் என்று இருந்துவிடுவார்கள். மனிதன் தன் கூரையைத் தானே மேயத் தயங்கும்படியான நிலைமை ஏழ்மையிலும் கொடியது. 1991-ல் ஒரு தருமஸ்தாபனம் அமைக்கப்பட்டது. 1995-ல் தீவு மறுபடியும் கைமாறி, அடுத்த ஆண்டே விலைக்கு வந்தது. குடிகள் ஊரூராய்ப் பணம் கேட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் அனுப்பினார்கள். தொகையில் பெரும் பங்கைக் கொடுத்தவர் ஒரு பெண்மணி. அவர் தம் பெயரை வெளியிடச் சம்மதிக்கவில்லை. வலது கை செய்வதை இடது கை அறியாதிருக்கட்டும் என்ற ஆண்டவருடைய புத்தியை இதைவிட நேராக அனுசரிப்பது எப்படி? 15 லட்சம் பவுனுக்குத் தீவு வாங்கப்பட்டு, 1997 ஜூன் 12-ந் தேதி குடிகளின் சங்கமும், அந்தப் பிரதேசத்து ஆட்சி மன்றமும், காட்டுயிர்ப் பாதுகாப்புச் சங்கம் ஒன்றும் சேர்ந்த தருமஸ்தாபனத்தின் கைக்கு வந்தது. அப்பொழுது அங்கே இருந்தவர்கள் ஏறக்குறைய 65 பேர். இன்று நூற்றுக்கு மேல்.

வாங்கியது பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. பத்திரிகைகள் அதைத்தான் கொண்டாடின. என் மனதைத் தொட்டது அதற்குப் பதினோரு வருஷங்களுக்குப் பின் நடந்தது.

எக் தீவுக்குக் கரையிலிருந்து மின்சாரக் கம்பி கிடையாது. கடலுக்கடியில் இழுப்பதென்றால் செலவு தாளாது. வீட்டுக்கு வீடு டீசல் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது: புகை, சத்தம், எண்ணெய்ச் செலவு. 2008 பெப்ருவரி 1-ந் தேதி தீவாருடைய சொந்த மின்சார அமைப்பு ஓடத் தொடங்கியது. ஓடைத் தண்ணீர், காற்றாடி, சூரிய வெளிச்சம் ஆகிய மூன்றிலிருந்தும் எடுத்து, பாட்டரிகளில் சேர்த்து, வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். மூன்றும் போதாத நாட்களுக்குப் பொது டீசல் இஞ்சின்களும் இருக்கின்றன. அமைக்கப் பிடித்த செலவில் பெரும்பகுதி வெளி மானியம். அதை ஒளிக்க வேண்டியதில்லை. ஆனால் எப்படிப் பங்கிடுவது என்று தீர்மானித்தவர்கள் குடிகளே. வீட்டுக்கு 5 கிலோவாட், தொழில் நடத்துகிற இடத்துக்கு 10. ஒரே சமயத்தில் அதற்குமேல் எடுக்கலாகாது. பெரிய வீடு, சிறிய வீடு என்ற வித்தியாசமில்லை; அதிகப் பணம் தருகிறேன் என்றாலும் 5 கிலோவாட்தான். 5 கிலோவாட் என்பது பழைய நூறு வாட் பல்பு ஐம்பது எரிகிற சக்தி.

ஆளுக்கு ஒரு கோமோர்!

அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் சொத்துரிமையைப் பற்றி விளக்குகையில், பொருளைச் சம்பாதித்துப் பராமரிப்பது அவனவனுக்கு உரியதாயிருக்கலாம், ஆனால் அனுபவிக்கும்போது அதைப் பொதுவானதாய் எண்ணி, தேவைப்பட்டவனுக்கு எளிதில் பகிர்ந்துகொடுக்க வேண்டும் என்று போதிக்கிறார். குருமடத்தில் இதைப் படித்தபோது வகுப்பறைக் கருத்தாகவே எனக்குப் பட்டது. ஒரு தீவு அதை மீட்டருக்குப் பக்கத்தில் சுவரில் மாட்டியிருக்கிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிறிய சமூகம் தானே செய்துகொள்ளக் கூடியதைப் பெரிய அதிகாரம் பறித்துக்கொள்வது அநீதி என்று 11-ஆம் பத்திநாதர் பாப்பானவர் 1931-ல் எழுதினார். அந்த நிருபத்தைப் பலரும் அரசாங்கத்துக்குச் சொன்ன புத்தியாக மட்டும் வாசிக்கிறார்கள். அதில் சிறிய சமூகத்துக்கும் ஒரு பாரம் இருக்கிறது. தானே செய்துகொள்வேன் என்கிறவன் தன்னைத் தானே அடக்கவும் தெரிந்திருக்க வேண்டும். அதிகாரி இல்லாத இடத்தில் அளவு வைப்பது யார்? அடுத்த வீட்டுக்காரனோடு உட்கார்ந்து பேசித்தான் வைக்க வேண்டும்; கூட்டம் என்றாலே நமக்கு வருகிற கொட்டாவியையும் கோபத்தையும் பொறுத்துக்கொண்டுதான் வைக்க வேண்டும்.

இந்த முயற்சி ஒரே தீவோடு நின்றுவிடவில்லை. 2003-ல் ஸ்காத்லாந்து நாட்டுச் சட்டமே கிராமத்தார் நிலத்தை வாங்க வழிவிட்டது. கத்தோலிக்கர் நிறைந்த தென் யுயிஸ்ட் தீவின் பெரும் பண்ணையும் 2006-ல் அங்குள்ள குடிகளின் கைக்கு வந்தது.

"சுவாமி, அது குளிர் தேசத்து நூறு பேருடைய கதை, நமக்கென்ன?" என்பீர்கள். தெருக் குழாயில் தண்ணீர் வரும் அரைமணி நேரத்தில் தன் வீட்டு இணைப்பில் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறவன் நம்மில் இல்லையா? கடைசி வீட்டுக் கிழவி காலிக் குடத்தோடு நிற்கிறாள். அவன் ஞாயிற்றுக்கிழமை பூசை தவறுகிறதில்லை. பாவசங்கீர்த்தனத்துக்கு ஆத்தும சோதனை செய்கையில், ஏழாம் கட்டளைக்கு வரும்போது, நான் யார் வீட்டுப் பூட்டையும் உடைக்கவில்லையே என்று தாண்டிப் போகிறான். கிழவியின் குடத்தில் விழ வேண்டிய தண்ணீர் இவன் தொட்டியில் கிடக்கிறது. அது யாருடையது? மோட்டாருக்குச் செலவழித்தேன் என்பது பதிலாகாது. வனாந்தரத்தில் கை வலுத்தவனும் குனிந்து வாரிய உழைப்பைக் காட்டியிருக்கலாம்.

எக் தீவில் ஒரு வீட்டார் 5 கிலோவாட்டைத் தாண்டி இழுத்தால் இணைப்பு தானாக அறுந்துவிடும். அதை மறுபடியும் சேர்க்க ஆளைக் கூப்பிட வேண்டும். வருகிறவர் தூரத்து அதிகாரியல்ல. பயிற்சி பெற்ற அதே தீவுக்காரர், தினமும் வழியில் பார்க்கிற முகம். அந்த வெட்கம் நல்ல காவல். ஆனால் மழை பெய்யாமல் ஓடை வற்றி, காற்றும் ஓய்ந்துவிடுகிற நாட்களுக்கென்று வேறொரு வழக்கம் ஏற்படுத்தினார்கள். மின்சாரம் குறைவு, பார்த்துச் செலவிடுங்கள் என்று வீடுகளுக்கு அறிவிப்பு வரும், அவ்வளவுதான். 5 கிலோவாட்டுக்குள் யார் எதை அணைத்தார், யார் அணைக்கவில்லை என்று வீட்டுக்குள் எட்டிப் பார்க்க எவரும் வருவதில்லை. துணி துவைக்கிற இயந்திரத்தை நாளைக்கென்று நிறுத்தி வைக்கிறவள் தனியாகத்தான் நிறுத்தி வைக்கிறாள்.