வாசி இல்லாத காசு

திருச்சிற்றம்பலம்.



திருவீழிமிழலைக் கதையை நம்மில் பலர் திருமுறை வகுப்பில் கேட்டிருப்போம். ஊரில் கடும் பஞ்சம். சம்பந்தரும் அப்பரும் அங்கே தங்கி அடியார்களுக்குச் சோறு போடுகிறார்கள். அதற்காகச் சிவபெருமான் தினமும் ஆளுக்கொரு பொற்காசு தருகிறார். அப்பரின் காசைக் கடைக்காரர்கள் அப்படியே வாங்கிக்கொள்கிறார்கள். சம்பந்தரின் காசுக்கு மட்டும் 'வாசி' உண்டு என்று கொஞ்சம் கழித்துக்கொள்கிறார்கள். அதனால் அவர் மடத்தில் சோறு ஆகத் தாமதமாகிறது. அப்பர் உழவாரம் பிடித்துக் கையால் தொண்டு செய்தவர், அதனால்தான் அவருக்கு வாசி இல்லாத காசு என்பது பெரியபுராணம் காட்டும் காரணம்.

சின்ன வயசில் எனக்கு இந்தக் கதை பிடிக்காது. சம்பந்தர் பாவம், குழந்தைதானே என்று தோன்றும். கம்போடியா போய் வந்த பிறகுதான் அது எனக்காகச் சொன்ன கதை என்று புரிந்தது.

நான் சிவில் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு மாணவன். போன வருடம் எங்கள் பல்கலைக்கழகத்திலிருந்து 22 பேரைச் சியாம் ரீப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்கு 12 நாள் சேவைப் பயணம் கூட்டிப்போகும் பொறுப்பு எனக்கு வந்தது. டிக்கெட், காப்புறுதி, நன்கொடைக் கடிதம், முறுக்கு விற்றுப் பணம் சேர்ப்பது எல்லாம் ஓடி ஓடிச் செய்தேன். அம்மா மட்டும் கேட்டார்: "நீங்க செய்யப்போற வேலைக்கு அந்த ஊர்ல ஆள் இல்லையாடா?" சிரித்துவிட்டுப் பையைக் கட்டினேன்.

நாங்கள் செய்தது மணல் வடிகட்டி. 1990களில் கனடாவின் கல்கரி பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் மான்ஸ் உருவாக்கிய முறை. கான்கிரீட் பெட்டிக்குள் அடியில் ஜல்லி, மேலே பொடி மணல். மின்சாரம் வேண்டாம். ஆனால் மணலின் மேல் ஒரு நுண்ணுயிர்ப் படலம் வளர வேண்டும். கிருமியை ஒழிப்பதில் பெரும்பங்கு அதற்குத்தான். அது வளர இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும். மணலுக்கு மேல் சுமார் 5 சென்டிமீட்டர் தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டும். காய்ந்தால் படலம் செத்துப்போகும்.

கணக்குப் பாருங்கள். படலத்துக்கு மூன்று வாரம், எங்களுக்கு 12 நாள். அதிலும் மூன்று நாள் சந்தைக்கும், 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் விஷ்ணுவுக்குக் கட்டிய அங்கோர் வாட்டுக்கும் போய்விட்டது. 10 வடிகட்டி கட்டி, ஒவ்வொன்றிலும் குழுவின் பெயரை எழுதி, படம் எடுத்து, விமானம் ஏறினோம். சான்றிதழ் கிடைத்தது. புறப்பாடப் புள்ளியும் கிடைத்தது.

இந்த வருடம் அடுத்த பயணத்துக்கு இடம் பார்க்க, நானும் ஒரு தோழியும் முன்னதாகப் போனோம். 10-இல் 7 வடிகட்டி காய்ந்து கிடந்தது. ஒரு பாட்டி வீட்டில் எங்கள் பெயர் எழுதிய பெட்டி மேல் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. பாட்டி கைகூப்பி, உட்காரச் சொல்லி, வாழைப்பழம் கொடுத்தார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. கூட வந்த ஊர்ப் பள்ளி ஆசிரியர்தான் சொன்னார். நாங்கள் கிளம்பிய இரண்டாம் நாள் பேத்திக்கு வயிற்றுப்போக்காம். அன்றோடு நிறுத்திவிட்டாராம்.

படலம் வளரும்வரை தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டியது என் வேலை. என் அட்டவணையில் அதற்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. குழுப்படம் எடுக்க அரை நாள் இருந்தது. அந்தக் குழந்தை எங்களை நம்பித்தான் குடித்தது.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. வீழிமிழலை ஞாபகம் வந்தது. நாங்கள் கொடுத்ததும் வாசி உள்ள காசுதான். சான்றிதழுக்குக் கொஞ்சம், படத்துக்குக் கொஞ்சம், ஊர் சுற்றக் கொஞ்சம் என்று கழித்தது போக, மிச்சம்தான் பாட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. கீதையின் 17-ஆம் அத்தியாயத்தில் கண்ணன், கைம்மாறு கருதாமல், இடம், காலம், பெறுபவர் மூன்றும் பார்த்துக் கொடுப்பதையே சாத்விக தானம் என்கிறார். நான் விமான நேரம் மட்டும்தான் பார்த்தேன்.

"இனிமே போகவே வேணாம், விட்டுடலாம்" என்றாள் தோழி. ஆனால் சம்பந்தர் என்ன செய்தார்? காசில் வாசி என்று சோறு போடுவதை நிறுத்தவில்லை. குறையைத் தீர்க்கும்படி பதிகம் பாடிக் கேட்டார். நல்ல காசு வந்தது.

நாங்களும் திட்டத்தை மாற்றினோம். புதிதாக 4 வடிகட்டி மட்டும். முதல் இரண்டு நாள் வீடு வீடாகப் போய்க் கேட்பது. ஊர் இளைஞர்கள் ஐந்து பேர் கட்டக் கற்றுக்கொள்வது. பராமரிப்பைக் கெமர் மொழியில் படம் போட்டு ஒட்டுவது. திரும்பிய பிறகு மூன்று மாதம், வாரம் ஒருமுறை ஆசிரியரைக் கூப்பிடுவது.

ஜூனியர் தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணா, போன தடவ 10, இந்தத் தடவ 4-ஆ? ரிப்போர்ட்ல என்னத்த காட்டுறது?"

"காட்டுறதுக்கா போறோம்?" என்றேன். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. போன வருடம் நான் காட்டத்தான் போனேன்.

போன வாரம் ஆசிரியர் பேசினார். பாட்டி வீட்டு வடிகட்டி ஓடுகிறது. வேறொன்று விரிசல் விட்டதாம். ஊர்ப் பையன்களே பூசிவிட்டார்களாம், எங்களைக் கேட்கவில்லை. இதைவிட நல்ல சேதி எனக்கு வேண்டாம்.

கம்போடியா போனால்தான் இந்தப் பாடம் என்றில்லை. தீபாவளிக்கு முன்னால் முதியோர் இல்லம் போகிறோம். கோயிலில் கோத்தோங் ரோயோங் செய்கிறோம். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறோம். அடுத்த முறை கிளம்பும் முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வோம்: நாம் திரும்பிய மூன்றாவது வாரம் அங்கே என்ன நடக்கும்? பதில் தெரியாவிட்டால், நம் காசில் இன்னும் வாசி இருக்கிறது. தீர்த்துக் கொடு என்று அவனையே கேட்போம்.

திருச்சிற்றம்பலம்.